ஒரு நாளைக்கு எத்தனை சண்டை? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

பகடை உருட்டி, கதாபாத்திரமாக மேசையில் ஆடும் இந்த விளையாட்டைப் பற்றி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "2014 புத்தகம் மூணும் வச்சிருக்கோம். 2024-க்கு மாறினா சண்டை சமநிலை சரியாகிடுமா? எங்க பாலடின் ஒருத்தரே எல்லாத்தையும் அடிச்சு முடிச்சிடறார், ஃபைட்டர் ஆடறவர் சும்மா உக்காந்திருக்கார்." 2014, 2024 இரண்டும் ஐந்தாம் பதிப்பின் பழைய, புதிய விதிப் புத்தகங்கள்; பாலடின், ஃபைட்டர் என்பவை கதாபாத்திர வகுப்புகள். ரெண்டு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஏ.சி. (அடி விழ அட்டாக் உருட்டல் எட்ட வேண்டிய எண்), ஸ்லாட் (ஸ்பெல் போடச் செலவாகும் இருப்பு), அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) எல்லாம் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாலடினையே எடுத்துக்கொள்வோம். 5ஆம் லெவலில் முதல் நிலை ஸ்லாட் நான்கு, இரண்டாம் நிலை ஸ்லாட் இரண்டு. 2014 விதிப்படி டிவைன் ஸ்மைட் (ஸ்லாட்டைச் செலவழித்து அடியில் கூட்டும் டேமேஜ்) முதல் நிலை ஸ்லாட்டுக்கு 2டி8 (எட்டுப் பக்கப் பகடை இரண்டு), இரண்டாம் நிலைக்கு 3டி8. சராசரி 9, 13.5. ஆறு ஸ்லாட்டையும் ஸ்மைட்டுக்கே கொடுத்தால் மொத்தம் 63. அடி விழுந்தது தெரிந்த பிறகுதான் ஸ்லாட்டைச் செலவழிக்கிறார் என்பதால் ஒன்றுகூட வீணாகாது.

பக்கத்தில் நிற்கும் ஃபைட்டர், பேட்டில் மாஸ்டர் (ஃபைட்டரில் ஒரு கிளை) என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரெங்த் 18, கையில் கிரேட்ஸ்வோர்ட், அட்டாக் +7, ஒரு வெட்டுக்கு சராசரி 11. ஏ.சி. 15 எதிரி மேல் 65 சதவீதம் விழும். இரண்டு வெட்டுக்கு 14.3. ஆக்‌ஷன் சர்ஜ் (அதே டர்னில் இன்னொரு முறை தாக்குவது) போட்டால் இன்னொரு 14.3. சுப்பீரியாரிட்டி டைஸ் (டேமேஜில் கூட்டும் சிறப்புப் பகடை) நான்கு டி8, அதில் 18. வழக்கமான வெட்டுக்கு மேல் இவரிடம் இருக்கும் கூடுதல் பலம் 32தான். ஆனால் இவை இரண்டும் ஷார்ட் ரெஸ்ட்டிலேயே (ஒரு மணி நேர ஓய்வு) திரும்ப வந்துவிடும். பாலடினின் ஸ்லாட்டுகள் லாங் ரெஸ்ட் (எட்டு மணி நேர ஓய்வு) எடுத்தால்தான் வரும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரே சண்டை என்றால் பாலடின் 63, ஃபைட்டர் 32. இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட்டோடு நாள் நீண்டால் பாலடினுக்கு அதே 63, ஃபைட்டருக்கு 97. ஒரு பகடையைக்கூட மாற்றவில்லை, வரிசை அப்படியே தலைகீழ்.

மந்திர வகுப்புகளான விஸார்டுக்கும் வார்லாக்குக்கும் இதே கதை. 5ஆம் லெவல் விஸார்டுக்கு மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டு, ஆர்க்கேன் ரெக்கவரியில் இன்னொன்று. ஆக நாளைக்கு மூன்று ஃபயர்பால் (ஒரே வீச்சில் பலரைத் தாக்கும் ஸ்பெல்). வார்லாக்குக்கு ரெஸ்ட்டே இல்லாவிட்டால் இரண்டு ஸ்லாட், இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் ஆறு. வார்லாக் பலவீனமான வகுப்பு என்று சொல்லும் மேசைகளில் ஷார்ட் ரெஸ்ட் எத்தனை நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

என் தீராத எரிச்சல் இதுதான். வகுப்புகளுக்கிடையிலான மொத்தச் சமநிலையும் தொங்குவது ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மீடியம் அல்லது ஹார்டு சண்டை, நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்ற கணக்கில். அதை எங்கே எழுதினார்கள்? 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில், சாகசம் அமைப்பது பற்றிய அத்தியாயத்துக்குள், ஒரு சின்னப் பத்தியில். பிளேயர்கள் படிக்கும் புத்தகத்தில் அது கிடையாது. வாரம் மூன்று மணி நேரம் ஆடும் குழுவுக்கு ஒரு சண்டையே ஒரு மணி நேரம் தின்னும். பேச்சு, விசாரணை, ஒரு பெரிய சண்டை, அப்புறம் தூக்கம். இப்படி ஆடும் மேசையில் ஃபைட்டரைத் தேர்ந்தெடுத்தவருக்கு நடப்பது அநியாயம், அவருக்கு அது சொல்லப்படவுமில்லை.

இந்த நிலையில் டி.எம். (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) வழக்கமாகச் செய்வது எதிரியின் ஏ.சி.யை ஏற்றுவது. அதனால் அடி வாங்குவதும் ஃபைட்டரே. ஏ.சி. 15-ஐ 18 ஆக்கினால் அவருடைய 14.3 என்பது 11 ஆகிவிடும். ஃபயர்பாலுக்கு ஏ.சி. ஒரு பொருட்டே இல்லை. ஸ்மைட்டும் விழுந்த வெட்டுக்குத்தான் செலவாகிறது. இரண்டு மூன்று வெட்டு தவறினாலும் ஸ்லாட் பத்திரமாக இருக்கும். ஹெச்.பி.யை (உயிர்ப் புள்ளி) ஏற்றினால் சண்டை நீளும், ஸ்லாட் இருப்பவருக்குத்தான் அதுவும் லாபம்.

2024 பதிப்பு என்ன செய்தது? தனித்தனித் திறமைகள் ஒவ்வொன்றையும் நன்றாகவே செப்பனிட்டிருக்கிறார்கள், இதில் எனக்குக் குறையே இல்லை. ஸ்மைட் இப்போது போனஸ் ஆக்‌ஷனில் போடும் ஸ்பெல், அதனால் ஒரு டர்னுக்கு ஒன்றுதான். நான்கு சுற்றுச் சண்டையில் சராசரியாக அதிகபட்சம் 45. வாயால் சொல்ல வேண்டிய ஸ்பெல் என்பதால் சைலன்ஸ் வட்டத்துக்குள் வேலை செய்யாது. எதிரியைச் செயலிழக்க வைக்கும் மங்க்கின் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கும் டர்னுக்கு ஒருமுறைதான், தனியாக நிற்கும் பாஸ் ஒரே டர்னில் நான்கு சேவ் (பாதிப்பிலிருந்து தப்ப உருட்டும் பகடை) போட்டுத் தோற்கும் கொடுமை தீர்ந்தது.

கனமான ஆயுதத்துக்கான கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற விருப்பத் திறமை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் பலவீனமாக்கிவிட்டார்கள் என்ற புகார் பாதிதான் உண்மை. பழைய விதியில் அட்டாக்கில் 5 குறைத்து டேமேஜில் 10 கூட்டலாம். மேலே சொன்ன ஃபைட்டருக்கு ஏ.சி. 15-ல் அது 16.8 தரும். புதிய விதியில் ஒவ்வொரு வெட்டுக்கும் புரொஃபிஷியன்ஸி போனஸ் (லெவலோடு வளரும் கூட்டெண்), அதாவது 3 கூடும், 18.2. வெட்டு தவறினாலும் கிரேஸ் மாஸ்டரி 4 கொடுப்பதால் 21 வரை போகும். பழையது எங்கே கெட்டுப்போகும் என்றால் ஆகர் என்ற அரக்கன் மாதிரி ஏ.சி. 11 எதிரியிடம்: 18.7 அடிக்க வேண்டியவர் 25.2 அடிப்பார். அட்வான்டேஜும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஏ.சி. 18-ல் அதையே போட்டால் 10.5, போடாமலிருந்தால் 11. பிளேயர் ஒவ்வொரு முறையும் மனக்கணக்குப் போட்டு மேசையைக் காக்க வைப்பார். புதியதில் அந்தத் தாமதம் இல்லை.

இவ்வளவு செய்தவர்கள், நாள் கணக்கை மட்டும் சரிசெய்யவில்லை, புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை எக்ஸ்.பி. (எதிரிகளின் மதிப்பைக் காட்டும் அனுபவப் புள்ளி) என்ற அட்டவணை போயிற்று. ஆக்‌ஷன் சர்ஜ் இன்னும் ஷார்ட் ரெஸ்ட்டில்தான் வருகிறது, பாலடின் ஸ்லாட் இன்னும் லாங் ரெஸ்ட்டில்தான். நோய் அங்கேயே இருக்க, காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை.

அந்தப் பழைய அட்டவணைதான் எனக்கு இன்றும் உதவுகிறது. 5ஆம் லெவலுக்கு ஆளுக்கு 3,500. நான்கு பேருக்கு 14,000. நான்கு ஆகர் 1,800 எக்ஸ்.பி., நான்கு எதிரி என்பதால் இரண்டால் பெருக்கினால் 3,600, ஹார்டு. இப்படி நான்கு சண்டை வைத்தால் நாள் நிறைந்துவிடும். ஆறு, எட்டு என்று பயப்படத் தேவையே இல்லை. 2024 கணக்கில் பெருக்கல் கிடையாது. அதே நான்கு ஆகர், லோ (மிக எளிய) சண்டைக்கான 2,000-ஐக்கூடத் தொடாது. இரண்டையும் கலந்து கணக்குப் போடாதீர்கள்.

என் மேசை விதி இது. லாங் ரெஸ்ட்டின் பலன் தூங்கினால் வராது, நான்கு ஹார்டு சண்டை முடிந்தால் வரும். ஷார்ட் ரெஸ்ட் பத்து நிமிஷம், ஆனால் இரண்டு லாங் ரெஸ்ட்டுக்கு நடுவில் இரண்டே இரண்டு. இந்த வரம்பை விட்டால் வார்லாக் கதவுக்குக் கதவு உட்கார்ந்துவிடுவார். கணக்கு செஷன் தாண்டியும் தொடரும், பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது சண்டை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாலடின் கடைசிவரை ஸ்லாட்டைப் பதுக்குவார். நான்காவது சண்டையில் எல்லாரும் கையில் உள்ளதைக் கொட்டுவார்கள், அதனால் பெரிய எதிரியை அங்கே வையுங்கள். 2013-ல் வந்த 13த் ஏஜ் என்ற இன்னொரு விளையாட்டு நான்கு சண்டைக்கு ஒரு முழு மீட்பு என்பதை நேரடி விதியாகவே வைத்திருந்தது.

லாங் ரெஸ்ட்டை ஏழு நாளாக்கும் கிரிட்டி ரியலிஸம் விதியை நான் பரிந்துரைப்பதில்லை. எட்டு மணி நேரம் நிற்கும் மேஜ் ஆர்மர் என்ற பாதுகாப்பு ஸ்பெல் ஒரு சண்டையோடு தீர்ந்துவிடும். விடியற்காலையில் சார்ஜ் திரும்பும் ஃபயர்பால் வாண்ட் மாதிரிப் பொருட்கள் ஏழு விடியலில் நிரம்பி வழியும். அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

கதைப்படி ஒரே சண்டைதான் என்றால் எதிரிகளை அலை அலையாக அனுப்புங்கள். 2014 ஆகருக்கு ஹெச்.பி. 59, டெக்ஸ் சேவ் -1. டி.சி. (சேவ் எட்ட வேண்டிய எண்) 15 ஃபயர்பால் ஓர் ஆகருக்கு சராசரி 24.5. நான்கும் சேர்ந்து நின்றால் 98, மொத்த ஹெச்.பி. 236-ல் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஒரே ஆக்‌ஷனில் போயிற்று. இரண்டை முதலில் விட்டு, மூன்றாவது சுற்றில் மற்ற இரண்டைக் கொண்டுவந்தால் அதே ஸ்லாட்டுக்கு 49தான்.

ஆக, நண்பருக்கு என் பதில்: இதற்காக 2024 வாங்க வேண்டாம். வரிக்கு வரி அதுதான் மேலான விதி, மேலே நானே கணக்கோடு காட்டினேன். ஆனாலும் நான்கு சண்டைக் கணக்கில் ஆடினால் பழைய ஸ்மைட் யாரையும் நசுக்காது. 63-க்கு எதிரே ஃபைட்டரிடம் 97 இருக்கிறது. நான்காவது சண்டையில், கையில் ஒரே ஒரு இரண்டாம் நிலை ஸ்லாட் மிச்சமிருக்கும்போது, கிரேட்ஸ்வோர்டில் 20 விழுந்து, பகடைகள் இரட்டிப்பாகி, 4டி6-ம் 6டி8-ம் சேர்த்து உருட்டும் சந்தோஷத்தை நான் விடுவதாக இல்லை. சராசரி 45.

இது 10ஆம் லெவல் வரைக்கும்தான். 11-ல் விஸார்டுக்குப் பதினாறு ஸ்லாட். நான்கு சண்டைக்குப் பங்கிட்டால் சண்டைக்கு நான்கு, ஏறக்குறைய சுற்றுக்கு ஒன்று. அதற்கு மேல் போவதானால் ஆறு சண்டையாக்குங்கள், கேமில் ஒரு நாள் ஓடப் பல வாரம் பிடிக்கும் என்பதையும் பிளேயர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.