கடலுக்குப் போகிற போனுக்கு எந்த இயங்குதளம்?

தொண்டியில் இருக்கும் மைத்துனன் கேட்டான்: “12,000 ரூபாய்க்குள் ஒரு போன் வேண்டும். உங்கள் போனையே வாங்கலாமா மச்சான்?” அதன் விலை இப்போது இறங்கியிருக்கிறது, அதனால் கேட்கிறான். ஆம், இல்லை என்று சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. பாம்பனிலிருந்து அண்ணனோடு நாட்டுப்படகில் போகிறவனுக்கு இந்தப் போன் எப்படி உழைத்தது என்பதை எழுதிவிடுகிறேன். கேமரா, நினைவக விவரங்கள் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். இரண்டு வாடைக்காலம் தாங்கிவிட்டது. மாலையில் சார்ஜ் ஏற்றினால் மறுநாள் கரை திரும்பும்வரை கவலையில்லை. இன்ஜின் இரைச்சலை மீறி ஒலி கேட்கிறது. உச்சி வெயிலிலும் திரையில் எழுத்து தெரிகிறது. அண்மையில் சார்ஜ் ஏறாமல் போனது. இராமநாதபுரத்தில் பழுது பார்க்கிறவர் சார்ஜ் துளையைக் கழற்றி, பூதக்கண்ணாடியின் கீழே வைத்துக் காட்டினார். ஊசிகளின் நுனியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. இரண்டு ஊசிகள் அரித்தே போயிருந்தன. அது உப்புக் காற்றின் வேலை. ஈரத்தோடு சார்ஜரைச் செருகினால் இன்னும் விரைவாக அரிக்கும். எந்த விலைப் போனும் இதற்குத் தப்பாது. இதற்காக நிறுவனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

போனை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டிலேயே சான்று உண்டு. அம்மாவிடம் கையோஎஸ் என்ற தளத்தில் ஓடும் ஜியோபோன் இருந்தது. 2017-இல் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு வந்த போன். அடுத்த ஆண்டே அதில் வாட்ஸ்அப்பும் வந்தது. பொத்தானை அழுத்திக் குரல் பதிந்து அனுப்புவது அம்மாவுக்குக் கைவந்திருந்தது. 2025-இல் வாட்ஸ்அப் அந்தத் தளத்தைக் கைவிட்டது. போனில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் பேத்தியின் படம் வருவது நின்றுவிட்டது. அதற்கு முன்பு அண்ணனின் விண்டோஸ் போனுக்கும் 2019 டிசம்பர் 31-ஓடு இதே கதிதான். குறைந்த நினைவகத்திலும் திணறாமல் ஓடிய அருமையான போன் அது. 2014-இல் 1,999 ரூபாய்க்கு விற்ற ஃபயர்ஃபாக்ஸ் போனை இன்று யார் நினைக்கிறார்கள்? செயலி எழுதுகிறவர்கள் திரும்பிப் பார்க்காத தளத்தில் பணம் போடக் கூடாது.

மிஞ்சுவது ஆப்பிளின் ஐஓஎஸ்ஸும் கூகுளின் ஆண்ட்ராய்டும். மருமகன் 2020-இல் வெளிவந்த ஐபோன் எஸ்இ ஒன்றைப் பழைய போன் கடையில் வாங்கி வைத்திருக்கிறான். 2025-இல் வந்த ஐஓஎஸ் 26-உம் அதற்குக் கிடைத்தது. இந்த நேர்மையை நம் விலைப் போன்களில் நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் பேட்டரி 1,821 எம்ஏஎச்தான். கடலுக்குக் கொண்டுபோனால் பொழுது உச்சிக்கு ஏறுமுன் அணைந்துவிடும்.

ஆக, ஆண்ட்ராய்டுதான். என் எரிச்சலும் அங்கேதான். பெட்டியில் ஆண்ட்ராய்டு என்று போட்டிருந்தாலும், கைக்கு வருவது நிறுவனம் அதன்மேல் அடித்த சொந்தப் பூச்சு. திரை அணைந்து போன் அசையாமல் கிடந்தால் செயலிகளை உறங்கவைக்கும் ஏற்பாடு 2015-இன் ஆண்ட்ராய்டு 6-லிருந்தே உண்டு. என் போனைச் செய்த நிறுவனத்துக்கு அது போதவில்லை. திரை அணைந்த சிறிது நேரத்தில், பின்னால் ஓடுகிற செயலியை அடியோடு நிறுத்திவிடுகிறது. பேட்டரி நிற்கிறது என்று மேலே புகழ்ந்தேனே, அந்தப் புகழில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

திரை அணைந்த பிறகும் எங்களுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டியது பாட்டு அல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ போன்ற செயலிகள் காற்றையும் அலை உயரத்தையும் சொல்வதோடு, கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்யும். டவர் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அந்த எல்லை, இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணைப் பக்கம் 1974-இலும் மன்னார் வளைகுடாவில் 1976-இலும் ஒப்பந்தத்தில் போட்ட கோடு. தாண்டிப் பிடிபட்டால் படகு போகும், ஆள் சிறைக்குப் போவான்.

ஓர் இரவு வலையைப் போட்டுவிட்டு நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தோம். பாலித்தீன் உறையில் சுற்றிய போன் படகின் முன்பக்கத்து அணியத்தில் கிடந்தது. சத்தமே இல்லை. கிழக்கே தெரிந்த விளக்கு வழக்கத்தைவிடக் கிட்டத்தில் இருப்பதைக் கண்டு அண்ணன்தான் வலையை இழுக்கச் சொன்னார். போனை எடுத்துப் பார்த்தால், செயலியை மூடி பேட்டரியைச் சேமித்துவிட்டதாக ஓர் அறிவிப்பு. அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அமைப்புகளுக்குள் போய், அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றலாம். மாற்றினேன். தானாகத் தொடங்கும் அனுமதி வேறொரு மூலையில் இருந்தது, அதையும் கொடுத்தேன். அடுத்த அப்டேட் வந்ததும் இரண்டும் பழையபடி ஆகிவிட்டன. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இதே வேலைதான். காசு கொடுத்து வாங்கியவன் நான். நான் வைத்த அமைப்பை மாற்ற இவர்கள் யார்?

அரிச்சல்முனைப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்து, வரவேற்புச் செய்தியும் ரோமிங் கட்டணமும் வருவது இங்கே எல்லாருக்கும் தெரியும். நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல், நம் சிம்முக்கு உரியதை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டால் தீர்ந்தது. அந்த அமைப்பை என் போன் எந்த அப்டேட்டிலும் மறந்ததில்லை. அதைப் பார்க்கும்போதுதான் மற்றதைத் தெரிந்தே செய்கிறார்கள் என்று தோன்றுகிறது.

ஆகவே மைத்துனா, விலை இறங்கியது என்று இதை வாங்காதே. மோட்டோரோலா, லாவா போல, கூகுள் கொடுப்பதை அதிகம் மாற்றாமல் தருகிற போனாகப் பார். கேமரா சுமாராக இருக்கட்டும், சார்ஜ் கொஞ்சம் குறைவாகவே நிற்கட்டும். எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்று கேள். கொஞ்சம் விலை கூடிய ஏ16 5ஜி போனுக்கு சாம்சங் 2024-இல் ஆறு ஆண்டு தருவதாக அறிவித்தது. அதை மனதில் வைத்துப் பேசு. வாங்குமுன், போகிற பாதையைப் பதியும் செயலி ஒன்றைத் தெரிந்தவரின் அதே மாடல் போனில் ஓடவிட்டு, திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையம்வரை நடந்து, ஒரு டீ குடித்துவிட்டு வா. பாதைக் கோடு நடுவில் எங்காவது அறுந்திருந்தால், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அது வேண்டாம்.