கெட்டா, ரிசீவா?

வாளையாறில் லாரி புக்கிங் பார்க்கும் மச்சானுக்கு ஆங்கில மெயில் எழுதும்போதெல்லாம் இதே சந்தேகம்: "மாப்ள, சரக்கு வந்துச்சுன்னு சொல்ல 'கெட்' போடவா, 'ரிசீவ்' போடவா?"

பொருள்:
கெட் – கிடைப்பது, வாங்குவது, போய்ச் சேர்வது, ஆவது, புரிவது. 'ஐ காட் த பில்' என்றால் பில் கைக்கு வந்தது. ஓட்டலில் 'ஐ வில் கெட் த பில்' என்றால் காசு நான் கொடுக்கிறேன்! பாலக்காட்டுக்காரர் மலையாளத்தில் 'கிட்டி' என்பது முதல் பொருளுக்குத்தான் பொருந்தும்.
ரிசீவ் – பெறுவது, விருந்தினரை வரவேற்பது. ஏறக்குறைய அவ்வளவுதான்.

எழுத்து:
கெட் – மூன்றே எழுத்து. இறந்தகாலம் காட்; 'ஹேவ்' உடன் வரும்போது அமெரிக்கர்கள் காட்டன் என்றும் சொல்வார்கள்.
ரிசீவ் – 'சி'க்கு அப்புறம் 'ஈ', பிறகு 'ஐ'. மச்சான் எப்போதும் மாற்றித்தான் அடிப்பான்.

டிரைவருக்கு வாட்ஸ்அப் என்றால் 'காட் இட்' போதும். பணம் வந்ததற்குக் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் ரிசீவ்தான்; அங்கே காட் போட்டால் டீக்கடைப் பேச்சு மாதிரி இருக்கும்.