மேடைப் பேச்சா, அவையில் போட்ட ஓட்டா?

அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஒருவர் போர் விஷயத்தில் எப்படி நடப்பார் என்று கணிக்க இரண்டு வழிகள்: பிரசாரத்தில் சொன்னது, காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) ஓட்டுப் போட்டது.

பேச்சை நம்பினால் என்ன ஆகும்? 'நம்மைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர்' என்ற முழக்கத்தோடு 1916-இல் அதிபர் வில்சன் மீண்டும் ஜெயித்தார். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. பேச்சில் 'வலிமை', 'அமைதி' போன்ற சொற்களை அடித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். எத்தனை படை, எவ்வளவு காலம், யார் அனுமதி என்பது இருந்தால்தான் அது நிலைப்பாடு. 1973 போர் அதிகாரச் சட்டப்படி படையை இறக்கிய 48 மணி நேரத்துக்குள் அதிபர் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும். காங்கிரஸின் ஒப்புதல் இல்லாவிட்டால் படையை நிறுத்த 60 நாள் கெடு. இதற்குக் கட்டுப்படுவாரா என்ற கேள்விக்கு மழுப்பினால், அதுவே பதில்.

ஓட்டு கனமான சான்று. ஈராக் மீது படையெடுக்க அனுமதித்த 2002 தீர்மானம் காங்கிரஸின் மேலவையான செனட்டில் 77–23 என நிறைவேறியது; ஆதரித்த ஹிலாரி கிளிண்டனை 2008 அதிபர் வேட்பாளர் போட்டி வரை அது துரத்தியது. ஆனால் ஓட்டும் ஏமாற்றும். 2003-இல் 8,700 கோடி டாலர் போர் நிதி மசோதாவை செனட்டர் ஜான் கெர்ரி எதிர்த்தார்; போருக்கே நிதி மறுத்தார் என்று தோன்றும். ஆனால் பணக்காரர்களின் வரிச்சலுகையைக் குறைத்து அந்த நிதியைத் திரட்டும் திருத்தத்தை அவரே ஆதரித்திருந்தார்! ஆகவே இறுதி ஓட்டோடு திருத்தங்களின் மீதான ஓட்டையும் பாருங்கள்.

இரண்டும் முரண்பட்டால் என் சாய்வு ஓட்டின் பக்கம்தான். காங்கிரஸில் இல்லாமல் மாநில ஆளுநராக மட்டுமே இருந்தவருக்கு அந்தச் சான்றே கிடையாது. அவருடைய வெளியுறவு ஆலோசகர்கள் யார் என்று தேடுங்கள்.