72,000 ரூபாய்க்கு ஒரு லேமினேஷன் பேப்பர்: சேஃப்டி கோர்ஸ் சேரப் போறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி படிங்க

மையத்தின் பெயரைப் போடவில்லை. மனு போடும்வரை வாயைத் திறக்காதே என்று எங்கள் ஊர் வக்கீல் அண்ணன் சொல்லியிருக்கிறார். அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: திருச்சியில், ஒரு செல்போன் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கும் சேஃப்டி பயிற்சி மையம். இந்த அடையாளத்துக்கு எத்தனையோ மையங்கள் பொருந்தும், எல்லோரையும் குறை சொல்லவில்லை. நான் ஏமாந்தது ஒன்றில். தொகை 72,000 ரூபாய். முந்தாநாள்தான் முழுசாகத் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் ஐந்து வருஷம். முதலில் ஃபிட்டர், இப்போது சூப்பர்வைசர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு இரும்புப் பிளேட்டைத் தூக்கும்போது கட்டியிருந்த ஸ்லிங் நழுவி, கீழே நின்ற ஹெல்ப்பர் பையனுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. எங்கள் சேஃப்டி ஆபீசர் வந்து அந்தப் பகுதி வேலை முழுவதையும் நிறுத்திவிட்டார். மேனேஜர் டெஸ்பேட்ச் டெஸ்பேட்ச் என்று கத்துகிறார், இவர் அசையவில்லை. மேனேஜரையே கை காட்டி நிறுத்தக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வேலைக்குப் போகணும் என்று அன்றைக்கே மனசில் விழுந்துவிட்டது. வளைகுடா சம்பளமும் ஒரு காரணம், பொய் சொல்ல மாட்டேன்.

அந்த மையத்தின் போஸ்டர் பஸ் ஸ்டாப் எல்லாம் ஒட்டியிருந்தது. நெபோஷ், ஐயோஷ் (இரண்டும் இங்கிலாந்து சேஃப்டி அமைப்புகளின் சான்றிதழ்), ஓஷா 30 மணி நேரம் (அமெரிக்க சேஃப்டி பயிற்சி), கூடவே 'அரசு அங்கீகாரம் பெற்ற' இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிப்ளமோ. நாலும் சேர்த்து 72,000. நூறு சதவீதம் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பவுடர் தீயணைப்பான் மாட்டியிருந்தது. கேஜில் முள் பச்சையில் இல்லை, சிவப்பில் கிடந்தது. ரீஃபில் தேதி எழுதும் அட்டையில் மழைத்தண்ணி பட்டு மை ஓடியிருந்தது. அதன் கைப்பிடியில் யாரோ ஹெல்மெட்டை மாட்டிவைத்திருந்தார்கள். யார்டில் தினமும் காலையில் நான் பார்க்கிற முதல் சாமானே தீயணைப்பான்தான். பார்த்தேன், மனசில் ஒரு நொடி உறுத்தியது, சரி நமக்கென்ன என்று படியேறிவிட்டேன். இந்த ஒரு விஷயத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

உள்ளே உட்கார்ந்திருந்தவர் ரொம்பப் பதமாகப் பேசினார். 'தம்பி, தம்பி' என்றுதான் ஆரம்பிப்பார். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 1000 தொழிலாளர் இருந்தால்தான் சேஃப்டி ஆபீசர் கட்டாயம், 2020ஆம் வருஷத்துப் புதுச் சட்டத்தொகுப்பில் அது 500 ஆகிவிட்டது, அபாயகரமான தொழில் என்றால் 250, எவ்வளவு பேர் தேவைப்படும் கணக்குப் போடுங்க என்றார். கொடுமை என்னவென்றால், அவர் சொன்ன எண் எல்லாம் உண்மை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அப்படியே இருந்தது. இதில் உண்மை சொல்கிறவர் மற்றதிலும் சொல்வார் என்று நினைத்துவிட்டேன். சட்டத்தைச் சரிபார்த்தவன் சர்டிபிகேட்டைச் சரிபார்க்கவில்லை.

சுவர் முழுக்கப் போட்டோ. வெள்ளை ஹெல்மெட் போட்ட பையன்கள், கையில் சர்டிபிகேட், கீழே 'பிளேஸ்டு, சவுதி', 'பிளேஸ்டு, ஓமன்'.

இருந்தும் நான் அன்றைக்குப் பணம் கட்டுகிற எண்ணத்தில் போகவில்லை. அம்மாவைக் கேட்கணும் சார் என்றேன். "நம்பரைக் கொடுங்க, நானே பேசறேன்" என்று வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "அம்மா, வணக்கம்மா. உங்க பையன் இனிமே எங்க பொறுப்பு. ஆறே மாசத்துல உங்க கையில சம்பளம் வரும்மா." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அம்மா, "நல்லா பாத்துக்குங்க சார்" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். மூன்று சீட்தான் பாக்கி என்று சொல்லி அங்கேயே ஜிபேயில் 10,000 வாங்கினார்கள். மீதி 62,000க்கு அம்மாவின் ஒன்றரைப் பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது. ஆக 72,000.

வகுப்பு எட்டு ஞாயிறு. நியாயமாகச் சொல்லணும், பாடம் எடுத்த சார் நன்றாகவே எடுத்தார். அபாயம் வேறு, இடர் வேறு என்பதில் ஆரம்பித்து, முதலில் அபாயத்தையே நீக்கு, முடியாவிட்டால் மாற்று, அப்புறம் தடுப்பு, அப்புறம் விதிமுறை, கடைசியில்தான் ஹெல்மெட்டும் பெல்ட்டும் என்று வரிசையாகச் சொன்னபோது எங்கள் யார்டில் எல்லாம் தலைகீழாக நடக்கிறதே என்று உறைத்தது. 1984 டிசம்பரில் போபாலில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு 1987இல் சட்டம் எப்படித் திருத்தப்பட்டது என்று அவர் சொன்ன அன்றைக்கு வகுப்பில் ஒருத்தரும் போனைத் தொடவில்லை. பாவம், அவருக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பரீட்சை என்று ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினார்கள். 40 கேள்வி, சரியான விடையைத் தொட வேண்டியது. 38 எடுத்தேன். ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்தேன். ஒரு மாதம் கழித்து ஹோலோகிராம் ஒட்டி, லேமினேஷன் போட்டு நாலு சர்டிபிகேட் கொடுத்தார்கள். அவர்களே ஒரு வெள்ளை ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நான் போட்டிருந்தது தீபாவளிக்கு எடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை.

வேலை என்று அவர்கள் அனுப்பியது எதுவும் வரவில்லை. நானாகத் தேடி, சென்னையில் ஒரு ஏஜென்சி அலுவலகத்தில் கத்தார் ஷட்டவுன் வேலைக்கு (ஆலையை நிறுத்திவைத்துப் பராமரிப்பது) இன்டர்வியூ போனேன். எதிரில் இருந்தவர் கேரளாக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். சர்டிபிகேட்டைப் புரட்டவே இல்லை. "நெபோஷ் லேர்னர் நம்பர் சொல்லுங்க" என்றார். நெபோஷில் பதிவு செய்கிறவருக்கு அவர்கள் தரும் எண்ணாம், அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சரி, நெபோஷின் ஐஜி1 பரீட்சையில் உங்களுக்கு என்ன சூழ்நிலை கொடுத்தார்கள், எந்த மாதிரி வேலையிடம் என்று கேட்டார். "அப்ஜெக்டிவ் டைப் சார், 40 கேள்வி" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "எவ்வளவு கட்டினீங்க?" என்றார். 72,000 என்றேன். அந்தத் தாளைத் திருப்பி, லோகோவுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். 'நெபோஷ் பாடத்திட்டத்தை ஒட்டிய சர்வதேச டிப்ளமோ.' ஒட்டிய! மூன்று மாதம் அந்தத் தாளை வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அந்த வார்த்தையைப் படிக்கவே இல்லை.

பின்னால் நிறையப் பேர் காத்திருந்தும் பத்து நிமிஷம் எனக்கு விளக்கினார், அந்த மனிதருக்குக் கோடிப் புண்ணியம். நெபோஷ் என்பது இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கிற தேர்வு வாரியம், 1979இல் ஆரம்பித்தது. பரீட்சையை அவர்கள்தான் வைப்பார்கள், சர்டிபிகேட்டை அவர்கள்தான் கொடுப்பார்கள். இங்கே இருக்கும் மையம் பாடம் மட்டும்தான் நடத்தலாம், அதற்கும் அவர்களிடம் அனுமதி பெற்றிருக்கணும். அவர்களுடைய இன்டர்நேஷனல் ஜெனரல் சர்டிபிகேட்டில் இரண்டு பகுதி. ஐஜி1இல் ஒரு வேலையிடத்தின் கதையைக் கொடுத்து, அதை வைத்துக் கேள்வி கேட்பார்கள். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், 24 மணி நேரம் அவகாசம், சொந்த வார்த்தையில் பக்கம் பக்கமாக எழுதணும். எழுதியது நீதானா என்று பார்க்க அப்புறம் வீடியோவில் கேள்வி வேறு. ஐஜி2இல் ஒரு உண்மையான வேலையிடத்தை நாமே சுற்றிப் பார்த்து இடர் மதிப்பீடு செய்து கொடுக்கணும். எனக்கு யார்டே இருக்கிறது, எவ்வளவு நன்றாகச் செய்திருப்பேன்!

ஓஷா கதை இன்னும் மோசம். அது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கீழ் வருவது. 30 மணி நேரப் பயிற்சி முடித்தால் ஒரு அட்டைதான் தருவார்கள், ஃபிரேம் போடுகிற தாள் இல்லை. அது தகுதிச் சான்றிதழ் ஆகாது என்று ஓஷாவே சொல்கிறது. அந்தப் பயிற்சியைப் பொதுவாக அமெரிக்க எல்லைக்கு வெளியே நடத்தவும் கூடாதாம். செல்போன் கடை மாடியில் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள்.

ஐயோஷ் தாளும் அந்த ஐயோஷில் இருந்து வந்தது இல்லை. 'அரசு அங்கீகாரம்' என்று இருந்தது என்ன தெரியுமா? சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு எண். டீக்கடைக்கும் அதை எடுக்கலாம். பக்கத்தில் ஐஎஸ்ஓ 9001 முத்திரை. அது நிர்வாகம் நடத்துகிற முறைக்கு வாங்குவது, பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

திருச்சி வந்து இறங்கியதும் நேராக மாடிக்குப் போனேன். இங்கிருந்துதான் இவர்களுடைய நிஜ முகம். முதல் நாள், சார் கிளாஸில் இருக்கார். இரண்டாம் நாள், அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு. மூன்றாம் நாள், "நீங்க இன்டர்வியூல சரியா பதில் சொல்லலை, அதுக்கு நாங்க என்ன பண்றது?" வாட்ஸப்பில் எழுதினால் நீல டிக் வரும், பதில் வராது. மையத்தின் வாட்ஸப் குழுவில் கேட்டேன், 'உங்களுடைய லேர்னர் நம்பர் என்ன, யாருக்காவது வந்ததா?' அரை மணி நேரத்தில் என்னைத் தூக்கிவிட்டார்கள். அதற்குள் நாலு பேர் தனியாக மெசேஜ் போட்டார்கள், அண்ணா எனக்கும் வரலை என்று.

ஒருவழியாகத் 'தம்பி' சாரைப் பிடித்தேன். இப்போது தம்பி போய் 'மிஸ்டர்' ஆகியிருந்தது. ரசீதை எடுத்துப் பாருங்க என்றார். பார்த்தேன். கோர்ஸ் ஃபீஸ் என்றே இல்லை, 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறது. வக்கீல் அண்ணனே அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். கடைசியில் அந்த ஆள் சொன்னதுதான் உச்சம்: "இன்னொரு 45,000 கட்டுங்க, ஒரிஜினல் நெபோஷுக்கே ரெஜிஸ்டர் பண்ணித் தர்றோம். பரீட்சையையும் நாங்களே எழுத வச்சிடுறோம்." என் 72,000 போதாதாம்! எதிரில் கண்ணாடி டம்ளர் இருந்தது, எடுத்து அடிக்காமல் வந்தது என் அம்மா செய்த புண்ணியம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நகைக்கடன் வட்டி ஓடுகிறது.

எப்படி ஏமாறாமல் இருப்பது என்று விவரமாக எழுதணும் என்றுதான் உட்கார்ந்தேன். நைட் ஷிஃப்டுக்குப் பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது, முடிந்ததைச் சொல்கிறேன்.

பணம் கட்டும் முன்னால் நெபோஷ் இணையதளத்தில் லேர்னிங் பார்ட்னர் பட்டியல் இருக்கிறது, அதில் மையத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஐயோஷுக்கும் அப்படியே. அங்கே படித்த பையன் யாரிடமாவது லேர்னர் நம்பர் வந்ததா என்று கேளுங்கள், சுவரில் உள்ள போட்டோவை நம்பாதீர்கள். 'ஒட்டிய', 'அடிப்படையிலான', 'இணையான' என்ற வார்த்தை தாளில் எங்கே இருந்தாலும் உஷார். பரீட்சையை நாங்களே எழுதித் தருகிறோம் என்றால் அது மோசடி, மாட்டினால் போவது உங்கள் பெயர்.

வெளிநாடு போகாமல் நம்ம ஊர் ஃபேக்டரியிலேயே சேஃப்டி ஆபீசர் ஆகணும் என்றால் இந்த வெளிநாட்டுத் தாள் எல்லாம் வைத்து ஆக முடியாது. இன்ஜினியரிங் படிப்பும் தொழிற்சாலை அனுபவமும் இருந்து, அதோடு மாநில அரசு ஏற்றுக்கொண்ட சேஃப்டி டிப்ளமோவும் கேட்பார்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் யார்டு சேஃப்டி ஆபீசரையே கேட்டிருக்கலாம், தினமும் எதிரில் டீ குடிக்கிறவர். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை.

ரசீதில் கோர்ஸ் பெயர் இருக்கணும். ஏமாந்தால் 1915க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். நான் அடித்துப் பதிவு எண் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன், 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாதாம்.

இன்னும் ஒன்று. இன்று மதியம் யார்டு ஹெல்ப்பர் பையன் ஒருத்தன், அன்றைக்குப் பிளேட் விழுந்தபோது தப்பியவனேதான், போனை நீட்டி "அண்ணா, நீங்க படிச்ச இடம்தானே, நானும் சேரட்டுமா?" என்றான். புதுப் போஸ்டர். கட்டணம் அதே 72,000, மூன்று சீட்தான் பாக்கியாம். கீழ் வரிசையில் வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு நான் சிரிக்கிறேன், என் படத்துக்கு அடியில் 'பிளேஸ்டு, கத்தார்' என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் போஸ்டர் உங்கள் போனுக்கும் வரலாம். நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரன் நான்தான், இப்போது துவாக்குடி பஸ்ஸுக்கு நிற்கிறேன்.