ஆறு வருட வெர்திக்கியோ ஒயின் அனுபவம்: ஐஸ் மாதிரி குளிரக் குடிக்காதீர்கள்

முதல் வெர்திக்கியோ ஒயின் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனவன் நான். இத்தாலியின் அங்கோனா நகருக்குக் குடிவந்த புதிது. விழுங்கிய பிறகு, பாதாம் தோலைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு நாக்கில் நின்றது, சரக்கு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கடைக்கார அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கசப்பு இல்லாவிட்டால்தான் நீ திருப்பிக் கொண்டுவரணும்" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான். வெர்திக்கியோ என்பது இத்தாலியின் மார்க்கே பகுதியின் வெள்ளைத் திராட்சை, அதில் செய்யும் ஒயினுக்கும் அதே பெயர்தான். பெயரே 'வெர்தே', அதாவது பச்சை என்ற சொல்லிலிருந்து வந்தது. கிளாசை வெள்ளைத் தாள் மேல் சாய்த்தால் ஓரத்தில் இளம்பச்சை தெரியும். ஜாடி மாதிரி இடுப்பு வைத்த பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள், அந்தோனியோ மயோக்கி என்ற கட்டடக் கலைஞர் 1953-ல் வடிவமைத்தது. பாட்டில் பிரபலமாகி, உள்ளே இருப்பதை யாரும் பெரிதாக மதிக்காமல் போனதுதான் மிச்சம்.

நான் செய்த பெரிய தப்பு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக ஊற்றியது. அவ்வளவு குளிரில் புளிப்பும் கசப்பும் மட்டும்தான் தெரியும், வாசனை எழும்பவே எழும்பாது. இருபது நிமிடம் வெளியே வைத்து, 10, 12 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுங்கள், அதே ஒயினா என்று சந்தேகம் வரும்.

யேசி, மத்தேலிகா என்று லேபிளில் இரண்டு ஊர்ப் பெயர் பார்க்கலாம். யேசிப் பக்கம் கடலுக்குக் கிட்டே, ஒயின் வாயில் கொஞ்சம் கனமாக இருக்கும். மார்க்கேயின் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் கடலைப் பார்த்து ஓட, மத்தேலிகாவினுடையது மட்டும் வடக்கு தெற்காக மலைகளுக்கு நடுவே கிடக்கிறது, கடல் காற்று எட்டாது, இரவில் நல்ல குளிர், அதனால் பழத்தில் புளிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. என் ஓட்டு மத்தேலிகாவுக்கு.

ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரே மத்தேலிகாவில் ஆறு பாட்டில் வாங்கி, வருடத்துக்கு ஒன்றாகத் திறந்தேன். முதல் வருடம் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், அவ்வளவுதான். நான்காவதில் தேனும் சோம்பும் காய்ந்த வைக்கோலும் கலந்த வாசனை, நிறம் பொன்னாகியிருந்தது, ஆனால் புளிப்பு கொஞ்சமும் தளரவில்லை. ஒன்றை மட்டும் இடமில்லாமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துத் தொலைத்தேன், அந்தச் சூட்டில் வெட்டிவைத்த ஆப்பிள் மாதிரி பழுப்பேறிப் போயிற்று. காத்திருக்கப் பொறுமை இல்லையா, ரிசெர்வா என்று போட்டதை வாங்குங்கள், 18 மாதமாவது வைத்திருந்துதான் விற்பார்கள்.

சாப்பாடா? மீன்தான். அங்கோனாவின் ப்ரொதெத்தோ, பதின்மூன்று வகை மீனைத் தக்காளியும் வினிகரும் விட்டுக் கொதிக்கவைக்கும் குழம்பு, அதன் புளிப்புக்கு முன் மற்ற வெள்ளை ஒயின்கள் சப்பென்று போய்விடும், இது நிற்கும். ஆலிவ் பழத்துக்குள் இறைச்சி அடைத்துப் பொரிக்கும் அஸ்கோலானாவுக்கும் பொருத்தம், எண்ணெய்ப் பிசுக்கை அலசிவிடும். இனிப்போடு மட்டும் வேண்டாம், கசப்பு தூக்கலாகத் தெரியும்.

ஆறில் கடைசி ஒன்று கட்டிலுக்கு அடியில் துணி சுற்றிக் கிடக்கிறது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.