இரண்டங்குல ஹோஸும் இறம்பொடை ஏற்றமும்

பண்டாரவளையில் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் விலைக்கு வந்திருக்கிறதாம், எடுக்கலாமா என்று மச்சான் போன வாரம் கேட்டான். அன்றுதான் என்னுடையதைக் கராஜிலிருந்து எடுத்து வந்திருந்தேன். பில்லைப் பார்த்த சூடு ஆறுவதற்குள் கேட்டுவிட்டான்.

நம்முடையது 1963ஆம் வருஷத்து மைனர் 1000, 1098 சிசி. அப்பா ஓட்டியது, என் கைக்கு வந்து பதினோரு வருஷம். தலவாக்கலைக் குளிரிலும் சோக்கை இழுத்தால் ரெண்டாவது தடவையில் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங் பூப்போல. குறை சொல்ல மனம் வராது.

என் எரிச்சலெல்லாம் ஒரு ரப்பர் துண்டின் மேல்தான். வோட்டர் பம்புக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவில், தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே ஒளிந்து கிடக்கும் பைபாஸ் ஹோஸ், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் போகும் குழாய். இரண்டங்குலம்கூட இருக்காது. எஞ்சின் ஆறியிருந்தால் ஒரு சொட்டு விடாது. சூடேறி உள்ளே அழுத்தம் வந்த பிறகுதான் அடிப்பக்கமாகக் கசியும். கசிந்ததும் பிளாக்கின் சூட்டிலேயே காய்ந்துவிடும். நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால் தரையில் ஈரமே இருக்காது.

மலையில் இருப்பவனுக்கு இது ரெட்டை வினை. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிடித்து வைக்கும் ஏழு பிஎஸ்ஐ அழுத்தம்தான் அதற்கு மேல் பதின்மூன்று பாகை போல இடம் கொடுக்கிறது. ஹோஸ் கசிந்தால் அழுத்தம் எங்கே நிற்கும்? ஏற ஏற எஞ்சின் சூடாகிறது, கொதிநிலையோ இறங்குகிறது.

ஏப்ரல் சீசனில் கண்டியிலிருந்து வரும்போது, இறம்பொடை வளைவுகளில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து கொண்டிருந்தோம். பொனட் இடுக்கால் ஆவி. மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, சாக்கை மடித்து மூடியை மெதுவாகத் திருகினேன். போத்தல் போத்தலாகத் தண்ணீர் உள்ளே போனது.

கராஜ்காரர் ரேடியேட்டர் அடைத்துவிட்டது என்று அதன் உட்பகுதியான கோரைப் புதிதாகப் போட்டார். ஹோஸைப் பாருங்கள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ரெண்டாம் கிழமை அதே பீலியடியில் நின்றேன். நியாயமாகச் சொன்னால் பழைய கோரும் நல்ல நிலையில் இல்லைதான். ஆனால் காசு என்னுடையது.

கடைசியில் எங்கள் ஊர்ப் பழைய மெக்கானிக் பாஸ், சவரக் கண்ணாடி ஒன்றை உள்ளே நீட்டி, டோர்ச் அடித்துக் காட்டினார். கிளிப்புக்கு அடியில் துருவும் சுண்ணாம்புமாக ஒரு கோடு. “தம்பி, இந்தாங்க ஒங்க கோரு” என்றார். நேரான ஹோஸ் போடுவதென்றால் பம்பைக் கழற்ற வேண்டும், அதற்கு ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும். அவர் மடிப்பு மடிப்பாக இருக்கும் வகை ஒன்றை நசுக்கி நுழைத்தார். விரல் தோலும் கொஞ்சம் அங்கே போயிற்று.

அதற்குப் பிறகு வெயிலில் ரெண்டு தடவை நுவரெலியா ஏறிவிட்டேன், தண்ணீர் ஊற்றவேயில்லை. கம்பனி வைக்காத டெம்பரேச்சர் கேஜும் ஒன்று பூட்டியாயிற்று. இப்போது கண் முள்ளிலேயே கிடக்கிறது. “ரோட்டப் பாருங்க” என்று பக்கத்து சீட்டிலிருந்து சத்தம்.

மச்சானிடம் வேண்டாம் என்றே சொன்னேன். கொண்டு வருவதற்கே வெலிமடைப் பக்கமாக நுவரெலியா ஏற வேண்டும், ஹோஸ் என்ன நிலையில் இருக்கிறதோ. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பார்க்கப் போகிறோம். பாஸிடம் அந்தக் கண்ணாடியை வாங்கி வைத்திருக்கிறேன்.