சிபிஎஸ்இயா, சமச்சீரா: ஆறாம் வகுப்புக்கு எது?

மகளை ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்கு முன் இரண்டு பாடத்திட்டங்களின் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, சமச்சீர் என்று முடிவு செய்தோம். ஆகவே இதில் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கட்டணம், வேன் வசதி எல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும். பாடத்தை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் அடிப்படை வித்தியாசம். 1976இல் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனதிலிருந்து மத்திய அரசு, மாநில அரசு இரண்டுக்குமே இதில் அதிகாரம் உண்டு. மத்திய அரசின் என்சிஇஆர்டி அமைப்பு தேசியக் கலைத்திட்டத்தை வகுத்து, அதன்படி புத்தகம் போடுகிறது. சிபிஎஸ்இ அதைப் பின்பற்றுகிறது. தமிழ்நாடோ 2010இல் சட்டம் இயற்றி மெட்ரிக், ஸ்டேட் போர்டு உள்ளிட்ட நான்கு பாடத்திட்டங்களை ஒன்றாக்கியது. அதுதான் சமச்சீர். 2018 முதல் புத்தகங்களையும் புதிதாக எழுதியது.

2024இல் வந்த என்சிஇஆர்டியின் ஆறாம் வகுப்புப் புத்தகங்கள் நன்றாகவே இருக்கின்றன. வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் ஒரே புத்தகம். கேள்விகளும் பிள்ளைகளை யோசிக்க வைப்பவை. நம் புத்தகத்தில் தகவல் கொஞ்சம் திணிப்புதான்.

எங்களைச் சமச்சீர் பக்கம் இழுத்தது வேறு விஷயம். ஒரே பாடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, பிடிஎஃப் இலவசம். மகள் படிப்பது இங்கிலீஷ் மீடியம். அவளுடைய தாத்தா தமிழ் மீடியத்தில் படித்து மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். மின்னியல் பாடம் வந்தபோது அவர் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்துகொண்டார், அவள் ஆங்கிலப் புத்தகத்தை. இரண்டிலும் அதே மின்சுற்றுப் படம். பேட்டரியும் இரண்டு குட்டி பல்புகளும் வாங்கி வந்து தொடரிணைப்பில் போட்டுக் காட்டினார். ஒன்றைக் கழற்றியதும் மற்றதும் அணைந்தது. பக்க இணைப்பை அவளே செய்தாள். டியூஷன் பேச்சே எழவில்லை. என்சிஇஆர்டி அறிவியல் புத்தகம் இந்தியில் இருக்கிறது, உருதுவில் இருக்கிறது. தமிழில் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் ஆங்கிலத்தில் பாடம் சொல்லித்தர ஆள் இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை.

நீட், ஜேஇஇ என்றால் சிபிஎஸ்இதான் என்பார்கள். மாநிலத்தின் புதிய பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களும் கனமானவையே. ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் யாரும் அந்தத் தேர்வுகளை எழுதவில்லை. அடித்துச் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடப்பது, எதில் படித்தாலும் சரி.

அப்புறம், மாற்றல் வேலைக்காரர்கள். ரயில்வே, வங்கி என்று நாளைக்கே போபாலுக்கோ புனேவுக்கோ போக வேண்டியிருக்கும் என்றால் யோசிக்காமல் சிபிஎஸ்இயில் சேர்த்துவிடுங்கள்.